உள்ளிருந்து கதவு தட்டுகிறவர்

மூன்று தட்டு. நடுவிரல் முட்டியால், அவசரமே இல்லாமல், இரும்புக் கதவின் நடுவில். வெளியே நின்று கதவு தட்டுகிறவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கேப்டன் உள்ளே நின்று தட்டுகிறவர்.

"என்ன கேப்டன் சார்?" என்றது கதவுக்கு அந்தப்பக்கம் ஒரு கொட்டாவிக் குரல்.

"ஒண்ணுமில்ல. பூட்டு இருக்கான்னு பார்த்தேன்."

"இருக்கு சார்."

"இருக்கக் கூடாதுன்னு உங்க கேப்டன்கிட்ட சொல்லு."

"நேத்தே சொன்னேனே சார்."

"அது நேத்துப் பூட்டு. இன்னிக்குப் பூட்டை இன்னிக்குத்தானே சொல்லணும்."

இவ்வளவுதான் பேச்சு. தினமும் இதே பேச்சு. முடிந்ததும் கேப்டன் தன் இடத்துக்குத் திரும்பி, சுருட்டி வைத்த பெரிய கயிற்று வளையத்தின் மேல் உட்கார்ந்து, இரண்டு ஷூக்களையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார்.

அந்த அறை எதிரிப் போர்க்கப்பலின் கயிறு அறை. தார் வாசனை, கித்தான் துணி வாசனை, பன்னிரண்டு ஆண்களின் வாசனை. கம்பிக் கூண்டுக்குள் ஒரு பல்பு. காற்று வர ஒரு குழாய். அதன் வாயில் காதை வைத்தால் மேல்தளத்தில் யாரோ யாரையோ திட்டுவது கேட்கும். கதவில் தொங்கும் பித்தளைப் பூட்டு கை முஷ்டி அளவு இருக்கும். அதைக் கைதிகளுக்காக வாங்கவில்லை. நல்ல கயிறாகப் பார்த்துக் கரையில் விற்றுவிடும் சொந்த மாலுமிகளுக்காக வாங்கியது. கைதிகள் வந்ததும் அதே பூட்டு அவர்களுக்கும் ஆயிற்று.

கேப்டனுக்கு ஐம்பத்தெட்டு வயது. குள்ளம்தான், ஆனால் அது யாருக்கும் தோன்றாதபடி நிற்கத் தெரிந்தவர். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பார்ப்பார். வாழ்நாள் முழுக்க அடிவானத்தைப் பார்த்த கண். மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியை இரண்டு முறை திரும்பித் தன் பின்சுவரைப் பார்த்தாராம், பல்லி ஏதாவது இருக்கிறதோ என்று. வாயைத் திறந்தால் சத்தம் ஜாஸ்தி. வீட்டில் உப்பைத் தள்ளு என்று கேட்டாலே பக்கத்து வீட்டில் தட்டு கீழே விழும் என்பது அவர் மனைவியின் புகார்.

காவலுக்கு நிற்கும் மாலுமிக்கு நாற்பது வயதிருக்கும். சமையற்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தவன். முதுகு பிடித்துக்கொண்டதால் கதவோரம் உட்கார வைத்திருக்கிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவருவான். வைத்துவிட்டுச் சும்மா போகவும் மாட்டான். மிச்சம் வைத்தால் முகத்தைத் தூக்கிக்கொள்வான், கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் பெருமூச்சு விடுவான். சிறைக்கு மாமியார் வீடு என்று பெயர் இருக்கும்போது இவனுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் நாளே 'மாமியார்' என்று வைத்துவிட்டார்கள். முதலில் துப்பாக்கியைத் தரையில் தட்டி முறைத்தான். இப்போது "மாமியாரே, டீ ஆறிப்போச்சு" என்றால், "மருமகன் வந்த நேரம் அப்படி" என்று பதில் வருகிறது.

இரண்டு நாட்டுக்கும் பேச்சு ஒன்றுதான். சில சொற்களை அவர்கள் கொஞ்சம் இழுப்பார்கள், இவர்கள் கொஞ்சம் விழுங்குவார்கள். சண்டை போட அதற்கு மேல் வித்தியாசம் தேவைப்படவில்லை.

கேப்டனின் சரக்குக் கப்பலில் இருந்தவை தையல் மிஷின்களும் சைக்கிள் டயர்களும். போர்க்கப்பல் குறுக்கே வந்து நின்று, ஒலிபெருக்கியில் கால் மணி நேரம் கொடுத்தது. எல்லாரும் படகில் இறங்கி வந்துவிட வேண்டும், அப்புறம் சுடுவோம் என்று. தலைமை இன்ஜினியர் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். இடுப்பில் துண்டும் காதில் சோப்பு நுரையுமாக ஏணியில் இறங்கினார். மற்றவர்களும் ஏறக்குறைய அதே கோலம். கடைசியாக வந்தவர் கேப்டன். முழுச் சீருடை, தலையில் தொப்பி, காலில் ஷூ, லேஸ் இரட்டை முடிச்சு.

இந்தக் காட்சியை இன்ஜினியர் எத்தனை முறை சொன்னாலும் அலுக்கவில்லை. "பீரங்கி வாயைத் திறந்துகிட்டு நம்மளையே பார்க்குது. கீழ படகுல பதினொரு பேர் ஈரத் துணி மாதிரி நடுங்கறோம். இவரைக் காணோம். என்னடான்னு பார்த்தா, மேல குனிஞ்சு லேஸ் கட்டிட்டிருக்கார்."

"பன்னெண்டு பேரும் பனியனோட போய் ஏறினா பன்னெண்டு அநாதை. ஒருத்தன் ஷூவோட ஏறினா, ஒரு கேப்டனும் பதினொரு மாலுமியும். சோறு போடற கையே மாறும்" என்பார் கேப்டன், தலைக்கு மேல் ஒரு சாண் பார்த்து.

அது உண்மைதான் போலிருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியோடு ஒரு கட்டி வெண்ணெய் வருகிறது. கேப்டன் பாதியை ரொட்டியில் தடவுவார். மீதிப் பாதியைக் கித்தான் துணுக்கில் எடுத்து ஷூவில் தேய்ப்பார். முதலில் மூக்கு, பிறகு பக்கவாட்டு, கடைசியில் லேஸுக்கடியில் உள்ள நாக்கை வெளியே இழுத்து அதன் அடி. பாலிஷ் டப்பா கடலடிக்குப் போய்விட்டது. ஷூவை அதற்காகப் பட்டினி போட முடியுமா?

"நாக்குக்கு வந்த வெண்ணெய் காலுக்குப் போகுது பாரு" என்று இன்ஜினியர் முனகுவார். போர்க்கப்பலில் கொடுத்த காற்சட்டை அவருக்கு இரண்டு சுற்றுப் பெரிது. இடுப்பில் கயிறு கட்டியிருக்கிறார். அந்த அறையில் கயிற்றுக்குப் பஞ்சம் இல்லை.

இன்ஜினியருக்கு இப்படி வாயாட உரிமை உண்டு. அவர் கேப்டனின் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. கப்பலில் இருந்தவரை வாய் தவறிக்கூட உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை, எப்போதும் 'கேப்டன்'தான். படகு போர்க்கப்பலை நெருங்கும்போது, பின்னால் சொந்தக் கப்பல் மூக்கைத் தூக்கிக்கொண்டு மூழ்குவதைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதான் அத்தான்" என்றார். அன்று முதல் அத்தான்தான். கப்பலே இல்லை, அப்புறம் என்ன கேப்டன் என்பது அவர் கணக்கு. கேப்டன் அதைக் கவனித்தார். 

புறப்பட்ட அன்று மனைவி வாசற்படியில் நின்று சொன்னது அவருக்கு அடிக்கடி ஞாபகம் வரும். "கப்பல் போனாலும் போகட்டும். என் தம்பி வந்து சேரணும்." "என்னைப் பத்தி ஒரு வார்த்தை காணோமே" என்று கேட்டார். "நீங்க எப்படியும் வந்துடுவீங்க" என்று உள்ளே போய்விட்டாள். கப்பல் போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்தத் தம்பி. அவனும் கை முஷ்டி அளவு பூட்டுக்கு இந்தப்பக்கம் இருக்கிறான்.

பூட்டு அவரை இப்படிப் பிடித்து ஆட்டுவதற்குக் காரணம் உண்டு. அதை எதிரிக் கேப்டனே ஒருநாள் கூப்பிட்டுக் கேட்டார். அவர் வயதில் சின்னவர், ஓயாத ஜலதோஷக்காரர். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசுவார்.

"உங்க பூட்டு விஷயம் தினமும் காலையில காபியோட வருது சார் எனக்கு."

"காபி ஆறுறதுக்குள்ள வருதுன்னா சந்தோஷம்."

"அப்படி என்ன அதுல?"

கேப்டன் சொன்னார். சின்ன வயதில் ஒரு துறைமுகத்தில் பக்கத்துக் கப்பல் தீப்பிடித்தது. கீழ் அறையில் ஐந்து பேர். வெளியே பூட்டு. சாவி ஒருவன் பாக்கெட்டில். அவன் கரையில் டீக்கடையில். ஓடிப்போய் அவனைக் கூட்டிவந்தவர்களில் இவரும் ஒருவர். "டீயைக் குடிச்சு முடிக்கலை அவன். கிளாஸோடவே ஓடிவந்தான். அப்படியும் பிரயோஜனப்படல."

எதிரிக் கேப்டன் தும்மினார்.

"பூட்டு மட்டும் இல்ல. மூடின கதவே எனக்கு ஆகாது. கப்பல் ஒரு அடி வாங்கினா கதவுச் சட்டம் நெளியும். அப்புறம் பூட்டே வேண்டாம், கதவே பூட்டு. என் கப்பல்ல ஆள் படுக்கிற அறைக்கதவு எதுவும் மூடியிருக்காது. திறந்து, பின்னால கொக்கி மாட்டி வெச்சிருப்போம்."

"போர்க்கப்பல்ல அதெல்லாம் நடக்காது சார்."

"தெரியும். பூட்டையாவது எடுங்க. அலாரம் அடிச்சா உங்க காவல்காரன் குண்டு தூக்க ஓடிடுவான். சாவியும் அவனோட ஓடும்."

எதிரிக் கேப்டன் கொஞ்சநேரம் யோசித்தார். பூட்டை எடுத்தால் இவர்கள் கடலில் குதித்து ஓடிவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு இல்லை. கப்பலுக்குள் எதையாவது நோண்டிவிட்டால்? அதுதான். ரோந்து முடிந்து ஏதாவது ஒரு துறைமுகத்தில் இவர்களை இறக்கிவிடும்வரை தன் கப்பலுக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

"ஒருத்தரும் கை வைக்க மாட்டோம்னு வாக்குக் குடுங்க. பன்னெண்டு பேருக்கும் சேர்த்து. எடுத்துடறேன்."

"கேட்டுட்டுத்தான் குடுக்கணும்."

"கேக்கறதா? நீங்கதானே அவங்க கேப்டன்?"

"என் கப்பல் தண்ணிக்கடியில இருக்கு சார். இப்பெல்லாம் கேட்டுத்தான் குடுக்கணும்."

திரும்பி வந்து ஒவ்வொருவராகக் கேட்டார். தலையாட்டுவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. "உப்பைத் தவிர வேற எதையும் எந்தக் கப்பல்லயும் நான் போட்டதில்ல" என்றார் சமையல்காரர். "அதையும் சில நாள் போட்டதில்ல" என்றது ஒரு மூலையிலிருந்து ஒரு குரல். கேப்டன் தன்னையும் சேர்த்து எண்ணினார். பதினொன்று ஆயிற்று.

"நீ?" என்றார் மச்சினனிடம்.

"வாக்கு உங்களோடது அத்தான். கை என்னோடது."

"கையை மடியில வெச்சிருப்பியா, மாட்டியா?"

இன்ஜினியர் நகர்ந்து வந்து, தான் சாய்ந்திருந்த மரப்பலகையின் மேல் கேப்டனின் உள்ளங்கையை எடுத்து வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. "பின்னால கேபிள் போகுது. தடிமனா, கத்தையா. பீரங்கியைத் திருப்பற மோட்டாருக்குத்தான் போகணும். பலகையை நெம்பிட்டேன்." கயிற்றுக் குவியலுக்குள் கையை விட்டு, கயிற்றின் புரி பிரிக்கும் இரும்பு முள் ஒன்றைப் பாதி இழுத்துக் காட்டி மறுபடி செருகினார். ஒரு முழ நீளம், நுனி கூர்மை.

"தொட்டா நீ கருகிப் போவே."

"எனக்குக் கரன்ட் சொல்லித் தர்றீங்களா? பிடியில கித்தான் சுத்திக்குவேன்."

"பூட்டை எடுக்கறேங்கறான்டா."

"நம்ம கப்பலை நிறுத்திவெச்சுச் சுட்டாங்க. தையல் மிஷினுக்கு எட்டுக் குண்டு. நாளைக்கு இதே பீரங்கி இன்னொரு கப்பலைச் சுடும். அதுல இருக்கறவனும் எவளோ ஒருத்தியோட தம்பிதான்."

  கேப்டன் ஷூவை எடுத்து வெகுநேரம் துடைத்தார். வாக்கில்லாத இடத்தில் வாக்கு இருக்கிறது என்று சொல்லவும் அவருக்கு வராது. மறுநாள் வழக்கம்போல மூன்று தட்டு. பூட்டு இருக்கிறதா, இருக்கிறது.

பிற்பகலில் அரைமணி நேரம் அவர்களை முன்தளத்தில் நடக்கவிடுவார்கள். மற்றவர்கள் கூட்டமாக நடப்பார்கள். கேப்டன் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பியோரம் தனியாக நடப்பார். போகிற போக்கில் சரியாகச் சுற்றாமல் கிடக்கும் கயிற்றைக் காலால் ஒதுக்குவார். ஒருமுறை வண்ணம் பூசிக்கொண்டிருந்த எதிரி மாலுமி ஒருவனிடம், "டப்பாவைக் கட்டிவை, அலை வருது" என்று அதட்ட, அவனும் "சரிங்க சார்" என்று கட்டிவைத்தான். கட்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது.

அந்தப் பழக்கம் ஒருநாள் பெரிதாக வேலையைக் காட்டிவிட்டது.

வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசவைத்த பிற்பகல். கேப்டன் வலப்பக்கக் கம்பியோரம் வந்து, திரும்புவதற்காக நின்றார். தூரத்தில் அலையின் சரிவில் கறுப்பாக ஒன்று எழும்பி, மறைந்து, மறுபடி எழும்பியது. உருண்டை. மேலே கொம்புகள்.

"வலது முன்னால கண்ணிவெடி. இடது திருப்பு, முழுக்கத் திருப்பு."

உப்பைத் தள்ளு என்றாலே பக்கத்து வீட்டில் தட்டு விழ வைக்கும் குரல் அது. மேலே கப்பலோட்டும் மேடையில் சுக்கான் பிடித்திருந்தவன் யார் குரல் என்று பார்க்கவில்லை. திருப்பினான். தளம் சாய்ந்தது, நடந்துகொண்டிருந்த கைதிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணி, கப்பலின் பக்கவாட்டில் ஒரு தெரு அகலத்தில், மெதுவாகத் தலையாட்டிக்கொண்டே பின்னால் போயிற்று. பிறகு துப்பாக்கியால் சுட்டு அதை வெடிக்க வைத்தார்கள். கிளம்பிய தண்ணீர் கொடிமரத்துக்கு மேலே போனது.

எதிரி மாலுமிகள் வேலையை விட்டுவிட்டுக் கேப்டனைப் பார்த்தார்கள். சொந்த ஆட்களும் பார்த்தார்கள். இரண்டு பார்வையும் ஒரே மாதிரி இல்லை.

கீழே வந்து கதவு பூட்டியதும் இன்ஜினியர்தான் முதலில் வாயைத் திறந்தார்.  

"எதிரிக் கப்பலைக் காப்பாத்தின கேப்டன்னு உங்களுக்கு ஒரு மெடல் குடுப்பாங்க அத்தான். ரெண்டு நாடும் சேர்ந்து குடுத்தாலும் குடுக்கும்."

"கண்ணு பார்த்துச்சு, வாய் கத்திடுச்சு. நடுவுல என்னைக் கேக்கல."

"நம்மாளுங்க வெச்ச கண்ணியா இருக்கும். பாவம், கஷ்டப்பட்டு வெச்சிருப்பாங்க."

"அதுல நாமளும்தானே போயிருப்போம்?"

"மேலதானே இருந்தோம். நீந்தியிருப்போம்."

"உனக்கு நீச்சல் தெரியாதேடா."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். இன்ஜினியர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இருபது வருஷக் கடல் வாழ்க்கையில் நீச்சல் கற்காதது அவருடைய ஆறாத புண். கேப்டன் அதைத் தொட்டதற்காக வருந்தினார். ஆனால் அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. தான் ஏன் கத்தினோம் என்று திரும்பத் திரும்பப் பார்த்தார். இந்தப் பன்னிரண்டு பேருக்காகக் கத்தினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். கத்திய நொடியில் இவர்கள் யாரும் நினைவில் இல்லை. ஒரு கப்பல், அதற்கு முன்னால் ஒரு கண்ணி. அவ்வளவுதான் இருந்தது.

அன்று மாலையே எதிரிக் கேப்டன் கூப்பிட்டனுப்பினார். மாமியார்தான் கூட்டிப்போனான். கதவோரம் விறைப்பாக நின்றான்.

"நன்றி சொல்லக் கூப்பிட்டேன் சார்."

"வேண்டாம். தெரிஞ்சு செஞ்சதில்ல."

எதிரிக் கேப்டன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு மேலயும் ஆளுங்க இருக்காங்க. விதியை மீறினா ஒரு தடவைக்குத்தான் காரணம் சொல்ல முடியும். ஒண்ணு செய்யறேன். நாளைக்கு நடுநிலை நாட்டுக் கப்பல் ஒண்ணு இந்தப் பக்கமாப் போகுது. அதுக்கிட்ட சொன்னா உங்க வீட்டுக்கு ஒரு வரி போய்ச் சேரும். நீங்களும் உங்க மச்சினரும் உயிரோட இருக்கறதா. உங்க கப்பல் மூழ்கின செய்தி மட்டும்தான் இப்ப அங்க போயிருக்கு."

 கேப்டனின் கண் எதிராளியின் தலைக்கு மேல் நின்றது. அங்கே சுவரில் ஒரு காற்றழுத்தமானி. அதைப் பார்க்கிற மாதிரி இருந்தாலும் அவர் பார்த்தது தன் வீட்டு வாசற்படியை. மூழ்கிய செய்தி வந்த பிறகு அவள் அங்கே உட்காருவாளா, உட்கார மாட்டாளா? உட்கார மாட்டாள். ஜன்னல் கண்ணாடிகளை எல்லாம் துடைத்துக்கொண்டிருப்பாள். கோபம் வந்தால் கண்ணாடி துடைப்பாள், பயம் வந்தாலும் அதுதான்.

"அதுக்குப் பதிலா பூட்டு" என்றார்.

"என்ன சார்?"

"ஒண்ணுன்னீங்களே. பூட்டை எடுங்க."

"அதுக்கு வாக்கு வேணும். பன்னெண்டும். ஒண்ணு குறையுதுன்னு உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது. அது யாருன்னு நான் கேக்கல."

"வாங்கிட்டு வர்றேன்."

"வரலைன்னா?"

"வரலைன்னா ரெண்டும் இல்ல."

கயிறு அறைக்கு வந்து கேப்டன் இதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.  அந்தப் பலகைக்குப் பின்னால் இருக்கும் கேபிளுக்கு அவரிடம் இன்னும் பதில் கிடையாது. தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு கயிற்றில் சாய்ந்தார்.

ஆனால் மாமியார் வாய் சும்மா இருக்குமா? ராத்திரிச் சாப்பாட்டை வைத்துவிட்டு, கேப்டன் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்து, இன்ஜினியரிடம் குனிந்தான்.

"உங்க அத்தானுக்கு மூளை கெட்டுப்போச்சா? வீட்டுக்குச் செய்தி அனுப்பறேன்னார் எங்க பெரியவர். உங்க ரெண்டு பேர் பேரையும் சொல்லி. வேணாம், பூட்டை எடுங்கன்னுட்டார். நானா இருந்தா பொண்டாட்டிக்கு ஒரு வரி, பிள்ளைக்கு ஒரு வரின்னு கேட்டிருப்பேன்."

இன்ஜினியர் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். மெல்லுவது நின்றது.

"ரெண்டு பேரும் செத்துட்டதாத்தானே இப்ப நினைச்சிட்டிருப்பாங்க அங்க?" என்றான் மாமியார்.

"நீ போய்யா" என்றார் இன்ஜினியர்.

தொப்பிக்கு அடியில் கேப்டன் இதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்திருக்கவில்லை.

காலையில் மூன்று தட்டுக் கேட்டுக் கண் விழித்தார். ஒரு நொடி தன் கையைப் பார்த்தார். கை மார்பின் மேல் இருந்தது. கதவருகே மச்சினன் நின்றுகொண்டிருந்தார், இடுப்புக் கயிற்றை ஒரு கையால் பிடித்தபடி.

"பூட்டு இருக்கு சார்" என்றது வெளிக்குரல், கேட்காமலேயே.

"நான்தான்யா. பன்னெண்டுன்னு போய்ச் சொல்லு உங்க பெரியவர்கிட்ட."

"என்ன பன்னெண்டு?"

"அவருக்குத் தெரியும். அப்புறம் இதையும் எடுத்துட்டுப் போ. உங்க கயிறு பிரிக்கிற முள்ளு. இங்க கிடந்துச்சு. காணோம்னு தேடப் போறீங்க." கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக அதை வெளியே உருட்டிவிட்டார். பிறகு பலகையைத் தோளால் இடித்துப் பழையபடி பொருத்திவிட்டு, கயிற்று வளையத்துக்கு எதிரே வந்து நின்றார்.

"அந்தப் பீரங்கி விஷயத்துல நான் சொன்னது தப்பில்ல" என்றார்.

"தப்புன்னு நான் சொன்னேனா?"

"அக்காவுக்கு இனிமே செய்தி போகாதா?"

"போகாது."

"போனதும் திட்டுவா. ரெண்டு பேரையும்."

"நேர்ல நின்னு வாங்கிக்குவோம்."

இன்ஜினியர் கொஞ்சம் தயங்கி, "சரி கேப்டன்" என்றார்.

அந்தச் சொல் அறையில் எல்லார் காதிலும் விழுந்தது. கேப்டன் வெண்ணெய் கேட்டார்.

மத்தியானத்துக்குள் பூட்டு போயிற்று. மாமியார் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். கடைசியில் காற்சட்டைப் பையில் போட்டான். பை முழங்கால் வரை தொங்கியது. அதற்குப் பிறகும் கேப்டன் காலையில் கதவைத் தட்டினார்.

"பூட்டு இல்ல சார்" என்றான் மாமியார்.

"தெரியும். நீ இருக்கியான்னு பார்த்தேன்."

அப்படியே சில காலைகள் போயின. ரொட்டி, வெண்ணெய், ஷூ. கேப்டன் வலது ஷூவை முடித்துக் காலில் மாட்டி இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார். இடது ஷூ மடியில் இருந்தது, மூக்கில் வெண்ணெய் தடவியபடி. இன்ஜினியர் தன் பங்கு வெண்ணெயில் ஒரு நகக்கண் அளவு எடுத்து, கேப்டனின் கித்தான் துணுக்கில் வைத்தார். நாக்குக்கும் காலுக்கும் நடக்கும் வழக்கில் அவர் கட்சி மாறியது அன்றுதான்.

அப்போது அலாரம் அடித்தது.

பயிற்சிக்கு அடிக்கும் அலாரம் விட்டுவிட்டு அடிக்கும். இது விடவில்லை. மேலே இரும்புத் தளம் முழுக்கக் காலடி. எஞ்சின் சத்தம் மாறியது. இன்ஜினியர் தலையைத் தூக்கி, "முழு வேகம்" என்றார். குழாய் வழியே யாரோ தூரத்தையும் திசையையும் கத்துவது கேட்டது. பலகைக்குப் பின்னால் கேபிள் ரீங்காரமிட்டது. பீரங்கி திரும்புகிறது. இன்ஜினியர் அந்தப் பலகையைப் பார்த்தார். பிறகு கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாமியார் வாசலில் எட்டிப் பார்த்தான்.  "சார், நான் குண்டு தூக்கப் போகணும்" என்றான், விடுப்புக் கேட்கிறவன் மாதிரி.

"போ தம்பி. குனிஞ்சு தூக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு. முதுகு."

அவன் ஓடினான். ஓடுகிற அவசரத்தில், இத்தனை நாள் பழக்கத்தில், கதவை இழுத்து அறைந்து சாத்திவிட்டுப் போனான். பூட்டு அவன் பையில் இடித்துக்கொண்டு போகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

பன்னிரண்டு பேரும் சாத்திய கதவைப் பார்த்தார்கள்.

கேப்டன் இடது ஷூவைக் கயிற்றின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் காலுறை. நடை கொஞ்சம் சாய்ந்தது. கதவைத் திறந்தார். வெளியே யாரும் இல்லை; நடைபாதை விளக்கு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கொக்கி மாட்ட இடம் உண்டா என்று கதவின் பின்னால் கையை விட்டுப் பார்த்தார். இல்லை. கப்பல் சாய்ந்தது, கதவு தானாக மூட வந்தது. முழங்கையால் தடுத்தார். அப்படியே குனிந்து, வலது காலின் இரட்டை முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"கேப்டன், இப்பத்தான் பாலிஷ் போட்டது" என்றார் மச்சினன்.

கேப்டன் ஷூவைக் கழற்றிக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் படுக்க வைத்தார். மேலே முதல் குண்டு கிளம்பிய அதிர்வில் கதவு ஓடிவந்து அதன் மேல் மோதியது. தோல் பாதியாக நசுங்கியது. கதவு மூடவில்லை. இரண்டாம் முறை மோதும்வரை நின்று பார்த்துவிட்டு, காலுறையோடு திரும்பி வந்து உட்கார்ந்து, இடது ஷூவை மடியில் எடுத்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்க ஆரம்பித்தார்.